புதுப்பல் காவியாக முளைக்கிறது: போர்வெல் தண்ணீர்தான் காரணமா?

மேட்டாங்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் தோட்டத்து வீடு எங்களுடையது. பையனுக்கு ஏழு வயது. பால்பல் அத்தனையும் வெள்ளையாக இருந்தவை. இப்போது மேலே முளைத்திருக்கும் இரண்டு முன்பல்லிலும் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைத் திட்டு, குறுக்கே பழுப்புக் கோடு. பள்ளிக்கூடத்தில் "பாக்குப் போடறியாடா" என்று கேட்கிறார்களாம். சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்ளப் பழகிவிட்டான்.

சரியாகத் தேய்க்காததுதான் என்கிறார் என் மாமியார். தண்ணீர்தான் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அக்கா. ஆனால் குடிப்பதற்கு நாங்கள் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். போர்த் தண்ணீரையும் ஃபில்டர்காரர் வந்து டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, மோசமில்லை என்றுதான் சொன்னார். சின்னவளுக்குப் பத்து மாதம். அவளுக்கும் இப்படி வருமா என்பதுதான் என் கவலை.

ரிக்வண்டி எழுதியது:

போர் எத்தனை அடிங்க? எந்த வருசம் போட்டது?

மேட்டாங்காடு எழுதியது:

பழையது 400 அடி, வற்றிவிட்டது. கல்யாணமாகி நான் இங்கே வந்த பிறகு 950 அடி போட்டார்கள் அண்ணா. கிணறும் இருக்கிறது, மழைக்குக் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான்.

வெண்பல் எழுதியது:

பல் மருத்துவர், நாமக்கல் பக்கம். வாயைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் வரும் பற்கறையோடு ஒத்துப்போகிறது. தேய்க்காத பல்லின் காறை ஈறோரமாகப் படியும், சுரண்டினால் வரும். இது பல்லின் மேலடுக்கான எனாமலுக்கு உள்ளேயே இருக்கும், ஜோடியாக வலப்பல்லிலும் இடப்பல்லிலும் ஒரே மாதிரி தெரியும்.

பலர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. பல் இப்போது முளைத்ததால் கெடுதலும் இப்போது நடந்தது என்று நினைக்கிறோம். நிலைப்பல் ஈறுக்குள்ளே உருவாகத் தொடங்குவது பிள்ளை பிறந்த சில மாதங்களில். முன்பற்களுக்கு ஆபத்தான காலம் பெரும்பாலும் முதல் மூன்று வயதுக்குள். கடைவாய்ப் பற்களையும் சேர்த்தால் எட்டு வயது வரை. அந்த நேரத்தில் உடம்புக்குள் போன ஃபுளோரைடு எனாமலைச் சரியாக இறுக விடாமல் செய்துவிடுகிறது. முளைத்து முடிந்த பல்லுக்கு இது வராது. கட்டிக்கொண்டு வந்த மருமகளின் பல் வெள்ளையாகவும், அதே வீட்டில் பிறந்த பிள்ளையின் பல் காவியாகவும் இருப்பது அதனால்தான்.

ஆகவே மேட்டாங்காடு அவர்களே, இரண்டு கேள்வி. கேன் வாங்க ஆரம்பித்தது பையனுக்கு எந்த வயதில்? சோறு, பருப்பு, டீ, பாப்பாவின் பால் பவுடர், இதெல்லாம் எந்தத் தண்ணீரில்?

மேட்டாங்காடு எழுதியது:

கேன் வாங்கத் தொடங்கியதே அவனை எல்கேஜியில் விட்ட பிறகுதான். சமையல் இன்று வரைக்கும் போர்த் தண்ணீரில்தான் டாக்டரம்மா. ஆறு பேர் இருக்கும் வீட்டில் சமையலுக்கும் கேன் என்றால் கட்டுபடியாகாது. பால் பவுடருக்கு மட்டும் போர்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கலக்குகிறேன்.

வெண்பல் எழுதியது:

அந்த ஒன்றை இன்றைக்கே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சத்தில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு, தாய் குடிக்கும் தண்ணீரில் அதிகமாக இருந்தால்கூட. ஆகவே தாய்ப்பால் கொடுக்க முடிகிற வரை கொடுங்கள். பவுடர் கலக்க ஆர்ஓ செய்த தண்ணீரை எடுத்து அதைக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி தான் குடிக்கிற தண்ணீரோடு அதிலுள்ளதையும் இழுத்துக்கொள்ளும். பருப்பும் குழம்பும் அப்படித்தான். குடிப்பதற்கு மட்டும் கேன் வாங்கிவிட்டு, சோறும் பருப்பும் கஞ்சியும் போர்த் தண்ணீரில் செய்து ஊட்டினால் பிள்ளைக்குப் பாதிதான் காப்பு. இந்தப் பக்கம் நான் பார்க்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் குடிதண்ணீரை மட்டும் சொல்வார்கள், அடுப்படித் தண்ணீரை யாரும் சொல்வதில்லை.

பனங்கருப்பட்டி எழுதியது:

எங்க அப்பாரு, அவங்க அப்பாரு எல்லாம் இதே மண்ணில் இதே தண்ணீரைக் குடித்துத்தான் தொண்ணூறு வயசுவரை கரும்பைக் கடித்தார்கள். அப்போதெல்லாம் ஃபுளோரைடு இல்லையா? எல்லாம் ஃபில்டர் விற்கக் கிளப்பிவிட்ட பயம்.

ரிக்வண்டி எழுதியது:

அதே மண் சரிங்க, அதே தண்ணீர் இல்லை. போர் போடும் திருச்செங்கோட்டு வண்டியில் பாதி வயசைக் கழித்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

உங்கள் அப்பாரு குடித்தது நாற்பது, ஐம்பது அடிக் கிணறு. மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்த காலம். வருசா வருசம் மழைத் தண்ணீர் அதில் இறங்கும், பழையது வெளியேறும். இப்போது நாம் ஆயிரம் அடியில் இருந்து எடுப்பது பாறை வெடிப்புக்குள் எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கும் தண்ணீர். நம் பக்கத்துப் பாறை, நைஸ் என்கிற பாறை வகையும் கருங்கல்லும். அதில் இருக்கும் கருப்பு மைக்கா, ஹார்ன்பிளண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. தண்ணீர் பாறையோடு எவ்வளவு நாள் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் போர் போட நீரோட்டப் பாயிண்ட் பார்க்க வந்த ஒரு புவியியல் படித்த தம்பி. தேங்காய் வைத்துப் பார்ப்பவர்கள் சொல்லவில்லை.

ஆழமாகப் போனாலே கெட்டது, மேலாக இருந்தாலே நல்லது என்றும் சட்டம் போட முடியாது. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி வரும். எந்த வெடிப்பில் தண்ணீர் ஏறியது என்பதைப் பொறுத்தது. பக்கத்துத் தோட்டத்து ரிப்போர்ட்டை வைத்து உங்கள் போரை முடிவு செய்யாதீர்கள்.

பனங்கருப்பட்டி எழுதியது:

கிணறு வேறு போர் வேறு என்பது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பயம் காட்டி விற்கிறார்கள் என்பதையும் விட மாட்டேன்.

ஆர்ஓ_சர்வீஸ் எழுதியது:

விற்கிறவனே வந்துவிட்டேன் அண்ணா, திட்டுவதற்கு வசதியாக.

டிடிஎஸ் மீட்டரைக் காட்டி விற்கிற விஷயத்தில் உங்கள் பேச்சு நியாயம்தான். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தை உத்தேசமாகக் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கலாம், 1500 காட்டும் உப்புத் தண்ணீரில் 0.5 இருக்கலாம். நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மீட்டரை நனைத்து நல்ல தண்ணீர் கெட்ட தண்ணீர் என்று தீர்ப்பு சொல்கிறவரை நம்பாதீர்கள், என் கடைப் பையன் உட்பட.

அடுத்தது, யூவி, யூஎஃப் வகை மெஷின், மெழுகுவர்த்தி ஃபில்டர், செம்புக் குடம், எதுவும் ஃபுளோரைடை எடுக்காது. ஆர்ஓ எடுக்கும், உள்ளே வடிகட்டுகிற சவ்வான மெம்பிரேன் ஒழுங்காக இருக்கிற வரைக்கும். வருசக்கணக்கில் மாற்றாத மெம்பிரேன் சும்மா சத்தம் போடும், அவ்வளவுதான். கழிவாகப் போகும் தண்ணீரில் எடுத்ததெல்லாம் சேர்ந்திருக்கும், அதைப் பாத்திரம் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மாட்டுக்கும் பல் இருக்கிறது, எலும்பு இருக்கிறது.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

மேட்டாங்காடு அம்மா, உங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறதா? சோப்பு நன்றாக நுரைக்கிறதா?

மேட்டாங்காடு எழுதியது:

ஆமாம்! கேன் தண்ணீரைவிட இதில்தான் பருப்பு குழைந்து வரும். அதனாலேயே மாமியார் இதை நல்ல தண்ணீர் என்பார்.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

அதுதான் பிரச்சினை. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகக் கீழே இறக்கிவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய, காரத்தன்மை உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு நிம்மதியாகக் கரைந்து கிடக்கும். சோடா உப்புக் கலந்த மாதிரியான தண்ணீர் என்பதால் பருப்பு குழையும், சோப்பு நுரைக்கும். அடுப்படியில் நல்ல பெயர் வாங்குகிற தண்ணீரே இந்த வகையாக இருப்பது பல இடங்களில் உண்டு. இதை வைத்து ஃபுளோரைடு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடினநீரிலும் ஃபுளோரைடு வருவது உண்டு. சந்தேகப்பட இது ஒரு காரணம், அவ்வளவே. ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கிற ஊருக்கு 1-க்குக் கீழே இருப்பதே நல்லது.

தகடூர்க்காரன் எழுதியது:

தர்மபுரியில் இருந்து. எங்களைக் கொங்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இங்கே அடிக்கடி சண்டை வரும், ஃபுளோரைடு விஷயத்தில் மட்டும் எங்களுக்கே முதலிடம் தந்துவிடுங்கள்.

எங்கள் தலைமுறையில் காவிப்பல் அடையாளம் மாதிரி. வெளியூரில் வேலைக்குப் போனால் பல்லைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்து எழுந்து போன வீடுகள் எனக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல். 2008-ல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதெல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2013-ல் தண்ணீர் வந்தது. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. ஒழுங்காக அதை மட்டுமே குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வித்தியாசம் தெரிகிறது, என் அண்ணன் பிள்ளைகளையே பார்க்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில். காவிரித் தண்ணீர் போதாத நாளில் பழைய போர்த் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுவார்கள். குழாயில் வருவது காவிரி என்று நம்பிக்கொண்டிருப்போம். கேட்டால் "கலந்தால் குறைஞ்சிடும்" என்று பதில். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் சரி, மூன்று பங்கு போரும் ஒரு பங்கு காவிரியும் என்றால்? உங்கள் ஊர்த் தொட்டியில் என்ன ஏறுகிறது என்று மோட்டார் போடுகிறவரைக் கேளுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வாய்க்கால்மேடு எழுதியது:

கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதியில் கிணறுகள் ஊறுவதற்குக் கசிவுநீர்தான் காரணம். மேலே நல்ல தண்ணீர் இறங்கினால் கீழே இருக்கும் கெட்டது நீர்க்கும். அந்த வாய்க்காலுக்குப் போய்க் கான்கிரீட் போடுகிறேன் என்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று எதிர்த்தரப்பு. இதைப் பேசாமல் ஃபுளோரைடு பேசி என்ன பயன்?

பனங்கருப்பட்டி எழுதியது:

ஆரம்பிச்சாச்சு. கான்கிரீட் சண்டைக்குத் தனி இழை இருக்கிறதுங்க, அங்கே வாங்க, நான் ரெடி.

நூல்மில் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதைப் படித்த பிறகு வீட்டில் ஃபுளோரைடு டூத்பேஸ்ட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். வேப்பங்குச்சிக்கு மாறலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

வெண்பல் எழுதியது:

அவசரப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. பட்டாணி அளவு பேஸ்ட் ஏறக்குறைய கால் கிராம். பிள்ளை அத்தனையையும் விழுங்கினால்கூடக் கால் மில்லிகிராம்தான். லிட்டருக்கு 2 இருக்கும் தண்ணீரில் ஒரு லிட்டர், குடிப்பதும் சோற்றில் போவதும் சேர்த்து, உள்ளே போனால் 2 மில்லிகிராம். எது பெரிது?

அதற்காக விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கவும் வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். தண்ணீரில் ஏற்கெனவே அதிகம் என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கு எந்த பேஸ்ட் என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஃபுளோரைடு கொஞ்சமாக இருந்தால் சொத்தை குறையும் என்பதும் உண்மை, அளவு மீறினால் பல் கறைபடும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-ல் கொலராடோவில் காவிப்பல்லைப் பார்த்துக் காரணம் தேடத் தொடங்கினார், தண்ணீரில் இருந்த ஃபுளோரைடுதான் என்று 1931-ல்தான் தெரிந்தது. நம் பக்கம் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் 1937-ல் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

பயப்பட வேண்டிய இன்னொன்றை யாரும் கேட்கவில்லை: டீ. தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு. அதைப் போர்த் தண்ணீரில் கொதிக்க விட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வர்க்கி தொட்டுக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் சாதாரணம்.

பாலர்வகுப்பு எழுதியது:

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். டாக்டரம்மா சொல்லும் வயதுப் பிள்ளைகள் பகல் முழுக்க எங்களிடம்தான் இருக்கிறார்கள். சத்துமாவு, சோறு, பருப்பு எல்லாம் மையத்துக் குழாய்த் தண்ணீரில்தான் செய்கிறோம். வீட்டில் கேன் வாங்கும் அம்மாக்கள்கூட இதை ஒரு நாளும் கேட்டதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் பெட்டி வந்தது, பிரிக்காமல் பீரோவுக்குள் இருக்கிறது. அதிலுள்ள ரசாயனத்துக்குக் காலாவதித் தேதி உண்டா?

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

உண்டு, பாட்டிலில் பாருங்கள். ஃபுளோரைடுக்கு அதில் இருப்பது நிறம் மாறும் சோதனை, அட்டையோடு நிறத்தை ஒப்பிட வேண்டும். எல்லைக்கோட்டில் தடுமாறும், ஆனால் ஊரில் எந்தக் குழாயைச் சந்தேகப்படலாம் என்று பிரித்துக் காட்டும். மோசமாகக் காட்டுவதை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கொல்லிமலைத்தேன் எழுதியது:

தேற்றான்கொட்டை, முருங்கை விதை, படிகாரம். நம் முன்னோர் தண்ணீரைத் தெளிய வைத்த முறை. இதையெல்லாம் விட்டுவிட்டு மெஷின் வாங்கச் சொல்கிறீர்கள்.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

தேற்றான்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலைத் தெளிய வைக்கும், அது உண்மை. ஃபுளோரைடு கலங்கல் இல்லை, கரைந்து கிடப்பது. பிள்ளையின் பல்லை அவற்றை நம்பி விட முடியாது.

படிகாரத்தில் விஷயம் இருக்கிறது. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கிளறித் தெளிய விடுவார்கள், ஃபுளோரைடு கசடோடு அடியில் இறங்கும். ஆனால் அளவு கையளவில் வராது. தண்ணீரின் காரத்தன்மையையும் ஃபுளோரைடையும் பார்த்து அளந்து போட வேண்டும், கூடிப்போனால் அலுமினியம் தண்ணீரில் தங்கும், கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் உண்டு. ஊர் அளவில் ஆள் வைத்து நடத்தலாம். அலுமினா ஃபில்டரும் அப்படித்தான், நன்றாக எடுக்கும், நிறைந்ததும் காரமும் அமிலமும் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஓர் அம்மா அடுப்படியில் தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

மேட்டாங்காடு எழுதியது:

ரிப்போர்ட் வந்துவிட்டது. போரில் ஃபுளோரைடு 2.1. கிணற்றில் 0.8. வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, மறுநாளே ஆர்ஓ விலை விசாரிக்கப் போய்விட்டார். ஆறு பேர் சமையலுக்கும் ஆர்ஓ தாங்குமா? பையன் பல்லுக்கு என்ன செய்யலாம்?

ஆர்ஓ_சர்வீஸ் எழுதியது:

தாங்கும். ஆனால் கரண்டும் கழிவுநீரும் யோசியுங்கள். குடிப்பதற்கும் சமையலுக்கும் சேர்த்து நாளைக்கு 20 லிட்டர் போதும் என்றால் எனக்கு வியாபாரம் போனாலும் ஒன்று சொல்கிறேன், மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். 50 சதுர மீட்டர் தார்சுக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர். முதல் மழையைக் கழித்து, சிந்தியது போக 4,000 என்று வையுங்கள், 200 நாள் வரும். நம்முடையது மழை மறைவுப் பகுதிதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அவ்வளவுகூடப் பெய்யாத வருசம் குறைவு. வெளிச்சம் புகாத மூடிய தொட்டி, வலை, குடிக்கும் முன் கொதிக்க வைப்பது, இவ்வளவு செய்தால் போதும். இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் கெடுதல் இல்லை.

ரிக்வண்டி எழுதியது:

கிணற்றில் 0.8 என்றால் அதைத் தூர் வாருங்கள். மழைநீர்ப் பள்ளம் ஒன்று கிணற்றோரம் எடுத்தால் இன்னும் குறையும். இன்னொரு போர் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொன்னேன் என்று சொல்லுங்கள்.

வெண்பல் எழுதியது:

பையனுக்கு இப்போதைக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வெள்ளைத் திட்டும் லேசான கோடும் மட்டும் என்றால் பல் பலவீனம் இல்லை. குழி விழுந்தோ பெயர்ந்தோ இருந்தால் உடனே காட்டுங்கள். மேலோட்டமான பழுப்பை மெல்லத் தேய்த்து எடுக்கும் சிகிச்சை இருக்கிறது, கூடுதலாக இருந்தால் பல் நிறப் பசை பூசி மறைக்கலாம். வெனீர், கேப் எல்லாம் இந்த வயதில் வேண்டாம், வளர்ந்த பிறகு பார்க்கலாம். செங்கல் பொடி, உப்பு, அடுப்புக்கரி, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். கறை உள்ளே இருக்கிறது, தேய்த்தால் போவது எனாமல்தான்.

கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால், தயிர், ராகி, கீரை. அப்புறம் அவனுடைய டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இது பாக்கும் இல்லை, அழுக்கும் இல்லை என்று. அதே வகுப்பில் இன்னும் பல பிள்ளைகளுக்கு இருக்கும்.

பாலர்வகுப்பு எழுதியது:

எங்கள் மையத்துத் தண்ணீரையும் கொடுக்கப் போகிறேன். எதில் பிடிக்க வேண்டும்? ரிப்போர்ட் வந்தால் யாரிடம் கொடுப்பது? வாயால் சொன்னால் பார்க்கலாம் என்கிறார்கள்.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போர் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு. தொட்டித் தண்ணீர் தனி பாட்டில், போர் தனி பாட்டில், மேலே இடமும் தேதியும். தகடூர்க்காரர் சொன்ன கலப்படக் கணக்கு அப்போதுதான் பிடிபடும். முடிந்தால் கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று.

தகடூர்க்காரன் எழுதியது:

கிராம சபையில் வையுங்கள் அக்கா. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் இப்போது கிராம சபை உண்டு. ரிப்போர்ட் நகலோடு எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் ஆற்றுத் தண்ணீர் இணைப்பு தனியாக வேண்டும் என்று. அதற்குள் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டுமானால் பிப்ரவரியிலேயே பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.